முன்நோய் என்னும் சமாதானம்

"அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே ஏதோ வியாதி இருந்ததாம்."

2020-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுக் காலம் இவ்வாக்கியம் நம்மவர் வாயில் எத்தனை முறை வந்து போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. கொரோனாத் தொற்றினால் ஒரு குழந்தை மாண்டது என்ற செய்தி பத்திரிகையில் வந்தவுடன், படிப்பவர் கண் அடுத்த வரிக்குத் தாவும். இருதயக் கோளாறு, நீரிழிவு, இரத்த நோய், நரம்புக் குறை என்று ஏதேனும் ஒன்று அங்கே குறிக்கப்பட்டிருந்தால், அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டு, மேற்படி வாக்கியத்தைச் சொல்லிப் பத்திரிகையை மடித்து வைப்பார். அவர் கொடியவர் அல்லர். தம் பிள்ளைகளை எண்ணி அஞ்சியவரே. ஆயினும், நல்லவர் வாயிலிருந்து வரும் சொல்லும் தீங்கு செய்யக்கூடும் ஆதலின், இவ்வாக்கியம் செய்யும் வேலை யாது என்று ஆராய்வது நம் கடமையாகும். இது ஒரு செய்தியா? ஒரு சமாதானமா? அன்றி, மாண்ட குழந்தையின் மேல் நாம் கூறும் தீர்ப்பா?

முதலில் உண்மை இன்னதென்று பார்ப்போம். கொரோனா நோய் பெரும்பாலான குழந்தைகளுக்கு எளிதாகவே வந்து போயிற்று என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை நிகழ்ந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மரணங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். எல்லாக் காரணங்களாலும் அவ்வாண்டில் இறந்தோர் 3,105 பேர். அவர்களுள் தொற்று இருந்ததாகச் சோதனையில் தெரிந்தவர் 61 பேர். அத்தொற்றே மரணத்துக்குக் காரணமானது 25 பேருக்கு. அதே காலத்தில் தொற்றுக்கு உள்ளான சிறுவர் தொகை ஏறத்தாழ 4,70,000 என மதிப்பிட்டனர். அந்த 25 பேரில் 19 பேருக்கு நாட்பட்ட நோய் ஏதேனும் ஒன்று முன்னரே இருந்தது. எஞ்சிய அறுவருக்கு அவ்வாறு ஒன்றும் காணப்படவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை மருத்துவமனைகளுக்குக் கொரோனாவுடன் வந்த 43,465 சிறுவரின் பதிவுகளை ஆராய்ந்தபொழுது, நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு முன்நோய் இருந்தது. முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவர் படுக்கையில் சேர்க்கப்படும் அபாயம், அந்நோய் இல்லாதவரைப் போல நான்கரை மடங்காக இருந்தது. பிறவி இருதயக் கோளாறு உள்ளவர், படுக்கையில் சேர்ந்த பின் நோய் முற்றும் அபாயமும் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே, முன்நோய் உள்ள குழந்தைக்கு ஆபத்து மிகுதி என்பது உண்மை. அதை மறைப்பதால் நன்மை இல்லை. ஆனால் "முன்நோய்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான நிலைகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதையும் நாம் அறிதல் வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதற்கேற்ப இன்சுலின் கொடாவிட்டால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் மிகுந்து உயிருக்கே உலை வைக்கும். பிறவியிலேயே இருதயம் பழுதுபட்ட குழந்தையின் இருதயம், சாதாரண நாளிலேயே தன் முழு வலிமையையும் செலவிட்டுக்கொண்டிருக்கிறது. நுரையீரல் தளரும்போது கூட்டிக் கொடுப்பதற்கு அதனிடம் மிச்சம் இல்லை. இரத்தப் புற்றுக்கு மருந்து உண்ணும் குழந்தையின் உடலில் கிருமியை எதிர்க்கும் படை அம்மருந்தினாலேயே அடங்கிக் கிடக்கும். நரம்புக் குறையுள்ள குழந்தைக்கு இருமிச் சளியை வெளியே தள்ளும் வலிமை போதாது. இவற்றுக்கு மாறாக, மேற்கூறிய பதிவுகளில் மிகுதியாகக் காணப்பட்ட முன்நோய் ஆஸ்துமா. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அது இருந்தது. ஆயினும் ஒழுங்காக மருந்து எடுத்துக் கட்டுக்குள் வைத்திருந்தவர்க்கு, முதலில் அஞ்சிய அளவு கேடு அதனால் விளையவில்லை. ஆதலின், முன்நோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லாக் குழந்தைகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு மூலையில் வைத்துவிடுவது வைத்திய அறிவுக்கும் பொருந்தாது.

நிற்க. இந்த அறிவு வைத்தியர் கையில் ஒரு விதமாகவும் நம் கையில் வேறு விதமாகவும் பயன்படுகிறது. வைத்தியருக்கு முன்நோய் என்பது, எந்தக் குழந்தையை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டும் அடையாளம். நமக்கோ, எந்தக் குழந்தையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்று காட்டும் அடையாளமாக அது மாறிவிட்டது. காப்பதற்காகக் கண்ட சொல்லைக் கைவிடுவதற்கு நாம் எடுத்துக்கொண்டோம்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் தொழில். பெயருக்கு நேரே வந்தவர், வராதவர் என்று குறியிட்டு, வராதவர்க்குக் கடைசிக் கலத்தில் காரணம் எழுதுவோம். காய்ச்சல் என்றோ, பிரசவம் என்றோ அங்கே எழுதும் எழுத்து அந்த நாளின் வராமையை விளக்குமேயன்றி, அந்தப் பெயரைப் புத்தகத்தினின்றும் அடித்துவிடாது. அடித்துவிடும் கிராணியை எந்தத் துரையும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் மரணக் கணக்கில் "முன்நோய் உண்டு" என்று கடைசிக் கலத்தில் கண்டவுடன், முதற் கலத்திலுள்ள பெயரை நாம் மனத்தினால் அடித்துவிடுகிறோம். பத்தொன்பது குழந்தைகளை நீக்கிவிட்டு, ஆறு என்று கூட்டிக்கொள்கிறோம். இக்கூட்டல் எந்த முறைப்படி சரியாகும்?

நம் பாட்டனார் காலத்தில் ஒரு குழந்தை இறந்தால், "அதன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார்கள். காலராவில் இறந்தாலும், மலேரியாவில் இறந்தாலும் அதுவே விடை. குடிநீரைக் காய்ச்சியிருக்கலாமே, கொசு முட்டையிடும் குட்டையை மூடியிருக்கலாமே என்ற கேள்வி எழவொட்டாமல் அந்த விடை வாசலில் நின்று காத்தது. படித்த நாம் இன்று தலையெழுத்து என்று சொல்வதற்கு வெட்கப்படுகிறோம். ஆனால் முன்நோய் என்கிறோம். சொல்தான் மாறியிருக்கிறதே தவிர, வாசலில் நிற்கும் காவற்காரன் அவனேதான். நாம் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியை அவன் இன்றும் உள்ளே விடுவதில்லை.

இச்சமாதானத்தில் அடங்கியுள்ள பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முன்நோய் உள்ள குழந்தை எப்படியும் நெடுநாள் வாழப் போவதில்லை என்ற எண்ணம் முதற் பிழை. மேற்கூறிய இங்கிலாந்துக் கணக்கிலுள்ள சிலர் ஆயுளைக் குறுக்கும் கொடிய நோய் உடையவராக இருந்தது மெய்யே. ஆனால் குறுகிய ஆயுள் என்பதனால் அந்த ஆயுள் மலிவாகிவிடுமா? பத்து வயது வரை வாழக்கூடிய குழந்தை ஆறு வயதில் மாண்டால், அதற்கு மிஞ்சியிருந்த நான்கு ஆண்டுகளும் அதன் முழுச் செல்வம். நூற்றில் நான்கை இழப்பவனைவிட, இருப்பதே நான்காக அதையும் இழப்பவன் இழந்தது குறைவென்று யார் சொல்லக் கூடும்? மேலும், முன்நோய் என்பது எல்லோருக்கும் குறுகிய ஆயுளைக் குறிப்பதும் அன்று. 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் டொராண்டோ நகர மருத்துவமனை ஒன்றில் லெனர்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் மெலிந்து மாண்டார்கள். அதற்குப் பின்னரோ, அதே நோயுடன் படித்து, தொழில் செய்து, மணந்து, பேரன் பேத்திகளைக் கண்டவர் எண்ணிறந்தவர். "ஏற்கெனவே வியாதி இருந்தது" என்ற மூன்று சொற்களால் நாம் தள்ளிவிடுவது எழுபது ஆண்டு வாழ்வாக இருக்கலாம் என்பதை மறவாதிருப்போம்.

முன்நோய் இல்லாத குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று நினைப்பது இரண்டாம் பிழை. சிங்கப்பூரில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் முதல் கொரோனா மரணம் 2022 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. மாண்டது பதினெட்டு மாதக் குழந்தை. அடுத்த மாதத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று மாண்டது. இவ்விரு குழந்தைகளும் அதற்கு முன்னர் நலமாகவே இருந்தவர்கள் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. சமாதான வாக்கியத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கேட்டவர் அனைவரும் திகைத்துப் போயினர். முன்நோய் உள்ள குழந்தையின் தாய்க்கு அத்திகைப்பு இரண்டு ஆண்டுகளாகவே வீட்டில் குடியிருந்தது என்பதை அன்றாவது நாம் எண்ணியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை சிறிது என்ற ஆறுதல். பத்து லட்சம் சிறுவருக்கு இருவர் என்பது வெளியில் நிற்பவர்க்கு ஆறுதல் தரும் கணக்கு. அந்த இருவரில் ஒருவரைப் பெற்றவர்க்கு அது ஒன்றுக்கு ஒன்று. அரசாங்கம் நாடு முழுமைக்கும் திட்டமிடும்போது விகிதம் பார்த்தே ஆகவேண்டும். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அயல் வீட்டில் நிற்கும் மனிதன் விகிதம் சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. அவனுக்கு முன் இருப்பது ஒரு குழந்தைதான்.

இனி, எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகக் கேட்போம். "ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருவனுக்கு நோய் என்பதற்காக முப்பத்தொன்பது பேரின் படிப்பையும் விளையாட்டையும் நிறுத்துவதா? சிலருக்காகப் பலர் வருந்துவது எந்த நீதி?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை அலட்சியம் செய்தல் கூடாது. 2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது முதல், மாதக் கணக்கில் பள்ளிகள் மூடப்பட்டதால், கைப்பேசியும் இணையமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட நட்டம் கொஞ்சமன்று. இன்னும் ஒன்று: அடைத்து வைப்பது நோயுற்ற பிள்ளைகளுக்கே கேடு செய்த இடங்களும் உண்டு. ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட சிறுவரில், கீட்டோன் முற்றிய ஆபத்து நிலையில் கொண்டுவரப்பட்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர். முந்திய ஆண்டில் அதே காலத்தில் 25 பேருக்கும் குறைவே. தாகமும் மெலிவும் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோகப் பெற்றோர் தயங்கி நாளைக் கடத்தியது இதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். இங்கிலாந்திலும் 2020-இல் எத்தனையோ நோயுற்ற சிறுவரை வீட்டை விட்டு வெளியே வரவேண்டா என்று பட்டியலிட்டு வைத்தனர். அனுபவம் வளர வளர அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அத்தகைய சிறை தேவையில்லை என்று கண்டு, 2021 ஆகஸ்டில் சிறுவரைப் பொதுவாக அப்பட்டியலினின்றும் நீக்கினர்.

ஆகவே, நோயுற்ற குழந்தைக்காக உலகத்தை நிறுத்து என்று நான் வாதிக்கவில்லை. நிறுத்துவதனால் அக்குழந்தைக்கே நன்மை குறைவு. கேள்வி வேறு. ஆபத்து என்னும் சுமை ஒன்று நம் நடுவே இருக்கிறது. அதை யார் சுமப்பது? நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு பிடியாகச் சுமந்தால் ஒருவர்க்கும் முதுகு வலிக்காது. முப்பத்தொன்பது பேரும் கையை விட்டுவிட்டால், முழு மூட்டையும் நோயுற்ற அந்த ஒருவன் தலையில் இறங்கும். அவன் பள்ளியை விட்டு நிற்க வேண்டும். அல்லது உயிரைப் பணயம் வைத்து வர வேண்டும். பலர் சிறிது சிறிதாகச் சுமக்கக் கூடியதைச் சிலர் மேல் முழுவதும் ஏற்றுவதே அநீதி. சிலருக்காகப் பலர் வருந்துவதா என்று கேட்பவர், பலருடைய சிறு சௌகரியத்துக்காகச் சிலர் அழிவதா என்ற மறுபக்கத்தையும் கேட்க வேண்டும்.

அந்த ஒரு பிடி என்பது பெரிய தியாகம் அன்று. காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை அன்று பள்ளிக்கு அனுப்பாதிருத்தல்; வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைத்தல்; தொற்று மிகுந்த நாளில் முகக்கவசம் அணிதல்; தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல். இவ்வளவே. தடுப்பூசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெரியவர்க்கு அது 2021 பிப்ரவரி இறுதியில் வந்தது. ஐந்து முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட ஓராண்டில், அவ்வயதுள்ள நோயாளிக் குழந்தைக்குத் தன் உடலில் அரண் இல்லை. சுற்றியிருந்த மனிதரே அரண். தகப்பன், பாட்டி, ஆசிரியர், பள்ளி வண்டி ஓட்டுபவர், பக்கத்து லயத்து வாலிபன் ஆகிய ஒவ்வொருவரும் ஊசி போட்டுக்கொண்டாரா இல்லையா என்பதை ஒட்டி அக்குழந்தையின் ஆபத்து கூடியது, குறைந்தது. ஊசி தொற்றை முற்றிலும் தடுக்கவில்லை என்பது மெய். ஆனால் ஓட்டை விழுந்த குடை என்பதற்காக மழையில் நனையும் குழந்தைக்கு அதைப் பிடிக்க மறுப்பவர் உண்டோ? இங்கிலாந்தில் 2021 ஜூலையில் தடுப்பூசி பற்றி ஆலோசனை கூறும் குழுவினர், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவருள் கடும் நரம்புக் குறை, டவுன் சிண்ட்ரோம், எதிர்ப்பாற்றல் குறைவு உடையவர்க்கு முதலிடம் கொடுத்ததோடு, எதிர்ப்பாற்றல் குறைந்தவரோடு ஒரே வீட்டில் வாழும் சிறுவரையும் சேர்த்துக்கொண்டனர். நோயாளியைக் காப்பது நோயாளியின் வேலை மட்டும் அன்று என்ற அறம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு குறையையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. பிள்ளைக்கு நோய் உண்டு என்பதை நம்மில் பலர் மறைக்கிறார்கள். அதிலும் பெண் குழந்தையானால் கேட்க வேண்டுவதில்லை. வலிப்பு என்றோ, நீரிழிவு என்றோ வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் வாராது என்று அஞ்சி, ஏழு வயதுச் சிறுமியின் நோயைப் பதினைந்து ஆண்டுக்குப் பின் வரப்போகும் கலியாணத்துக்காக மூடி வைக்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. தெரியாதவர் எவ்வாறு காப்பர்? பெற்றோரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் யாருக்கு அஞ்சி மறைக்கிறார்கள்? நமக்கு அஞ்சியன்றோ! நோய் உள்ள பிள்ளையைக் குறைந்த பிள்ளை என்று எண்ணும் நம் மனமே, அப்பிள்ளை உயிரோடு இருக்கும்போது வரன் மறுக்கிறது. மாண்டபோது "ஏற்கெனவே வியாதி இருந்ததாம்" என்று சமாதானம் சொல்கிறது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் கொரோனா பற்றிய உலக அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. கிருமி முடிந்தது என்று அறிவிக்கவில்லை. அது இன்றும் நம்மிடையே உலவுகிறது. இன்ஃபுளுவென்சாவும் வேறு பல காய்ச்சல்களும் உலவுகின்றன. அவசரம் முடிந்தது பெரும்பாலோர்க்கு. நீரிழிவுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அதன் தாய் உறங்காமல் சர்க்கரையைச் சோதிப்பது நிற்கவில்லை. அத்தாய்க்கு நாம் செய்யக்கூடியது இரக்கப் பேச்சு அன்று. அவள் பிள்ளையின் நோயைக் கூச்சமின்றி நம்மிடம் சொல்லக்கூடிய மனிதராக நாம் இருத்தல் வேண்டும். இரவில் மருத்துவமனைக்குப் போக வண்டி கேட்டால் தயங்காது கொடுத்தல் வேண்டும். நம் வீட்டில் காய்ச்சல் என்றால், அதை மறைக்காமல் அவளுக்கு முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும்.

ஒரு குழந்தையின் முன்நோய், அதன் மரணத்தை நாம் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் ஆகாது. அக்குழந்தைக்கு நாம் பட்டிருக்கும் கடன் மற்றக் குழந்தைகளுக்குப் பட்டதிலும் பெரிது என்பதற்கே அது சான்று. வலியவனுக்குக் கை கொடுக்காவிட்டாலும் அவன் எழுந்து நடப்பான். எளியவனுக்குக் கொடுக்காவிட்டால் அவன் விழுவான். ஆகையால், இனி எங்கேனும் "அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே வியாதி இருந்ததாம்" என்று நம் செவியில் விழுமானால், அவ்வாக்கியத்தை அங்கேயே முடியவிடாமல், "அது நமக்கு முன்னமே தெரிந்திருந்ததா? தெரிந்தபின் நாம் என்ன செய்தோம்?" என்று கேட்போமாக. பிறரைக் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.